முருகேஷ் போனில் ஏறிய சார்ஜ்

சாரதாமணி மாடிப்படி ஏறி வந்தபோது கிட்டுசாமி வெறுந்தரையில் முதுகை நீட்டிப் படுத்திருந்தான். கட்டிங்கிலிருந்து தையலுக்கு, தையலிலிருந்து பேக்கிங்குக்கு என்று பனியன் மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கும் முதுகு அது. தரையைக் கண்டால் விடாது. ராயபுரத்தில் எலாஸ்டிக் கடைக்கு மேலே இருக்கும் இந்தத் தகரக்கூரை அறைக்கு அவன் வருவது படுக்கத்தான் என்று மருதாசலம் சொல்வார். துப்புத் துலக்கத்தான் என்று அவன் சொல்வான்.

மருதாசலம் போலீசில் ஏட்டாக இருந்தவர். மில்லிலும் பட்டறையிலும் செத்துப்போனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணைத் தாள் எழுதியே அவருடைய சர்வீஸ் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மாதிரிச் சாவுகள் அவரைத் தேடிப் படியேறி வந்தன. வருகிறவர்களுக்கு அவர் ஆறுதல் சொல்வதில்லை. கேள்விதான் கேட்பார்.

"உக்காருங்க அம்மிணி. கிட்டு, எந்திரிச்சுப் பாயைப் போடு."

சாரதாமணி உட்காரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு போனுங்க. வீரபாண்டியில சாயப்பட்டறையில ஹைட்ரோ ஓட்டுனாரு, முருகேஷ்னு பேரு. போன மாசம் செத்துட்டாருங்க."

ஹைட்ரோ என்றால் ஈரத்துணியைப் போட்டுச் சுழற்றித் தண்ணீர் பிழிகிற மிஷின். அது எப்படிக் கொல்லும் என்று கிட்டுசாமிக்குத் தெரியும். அவன் பாயை விரித்தான்.

"கம்பெனி என்னங்க சொல்லுது?" என்றார் மருதாசலம்.

"அன்னிக்குக் கரண்டு ஷட் டவுனுங்க. ஜெனரேட்டர் போட்டு மிஷின் ஓடறப்ப போனைப் பாத்துட்டே கையை உட்டுட்டான்னு மேனேஜர் சொன்னாருங்க. ஆஸ்பத்திரியில வெச்சு, எல்லாரும் கேக்கச் சொன்னாரு. மக அனுப்புன வீடியோவைப் பாத்துட்டு இருந்தான், அதுலதான் போச்சுன்னாரு. எம் புள்ள யாழினி பக்கத்துலதான் நின்னா."

மருதாசலம் நகர்த்தி வைத்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் ஒரு வாய் குடித்தாள்.

"அவ அனுப்புனது நெசந்தானுங்க. ஸ்கூட்டி ஓட்டப் பழக்கிட்டு இருந்தாரு. பின்னால புடிச்சுக்கிட்டே ஓடுவாரு. அன்னிக்கு அவளுக்குப் பள்ளிக்கோடம் லீவு. தானாவே தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப்போட்டு, பக்கத்து ஊட்டுப் புள்ளைய வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பிச்சா. நீல டிக்கு வந்துச்சுங்க. அப்பா பாத்துட்டாருன்னு குதிச்சா. கொஞ்ச நேரத்துல பட்டறையிலிருந்து போன் வந்துருச்சு."

"இப்ப?"

"சோறு திங்கறதில்ல. பள்ளிக்கோடம் போறதில்ல. அழுவக்கூட இல்லீங்க. நேத்து ரயில் ரோட்டுப் பக்கம் தனியா நின்னவளை ஆரோ கூட்டியாந்து உட்டாங்க. நட்டஈடு குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டும். எனக்கு எம் புள்ள வேணுங்க. அவரு எப்படிச் செத்தாருன்னு நெசத்தைக் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. அது எதுவா இருந்தாலும் சரி."

கிட்டுசாமி முந்திக்கொண்டான். "அந்த மேனேஜரு தரணீதரன்தானே? நான் லோடு எடுத்திருக்கேன். பேச்சுல தேன் ஒழுகும். அவன்தான் எதோ..."

"நீ வாயை மூடு," என்றார் மருதாசலம். "அம்மிணி, அன்னிக்குக் காத்தால போறப்ப போன்ல சார்ஜ் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. ராத்திரி சார்ஜர் சரியா சொருகலை. செவப்புல கெடக்குன்னு திட்டிட்டே போனாரு."

"ஆஸ்பத்திரியில போனைக் கையில குடுத்தப்ப?"

சாரதாமணி யோசித்தாள். அவள் புருவம் மெல்லச் சுருங்கியது. "நெறையா இருந்துச்சுங்க. இதுலதான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் சாவு சொன்னேன். விடிய விடியப் பேசியும் அணையலை."

"பூட்டு உண்டா?"

"கோடு இழுக்கணுங்க. எனக்கும் பாப்பாவுக்கும் தெரியும். பட்டறையில டவர் எடுக்கறது தன்னோட சிம்மு மட்டுந்தான்னு பெருமை அடிப்பாரு."

அவள் கோடு இழுத்துத் திறந்து கொடுத்தாள். மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கிட்டுசாமி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அந்த நாளில் வந்த குறுஞ்செய்திகளில் ஒன்று, இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்றது. வாட்ஸ்அப்பில் யாழினியின் வீடியோ இருந்தது. மங்கலாக, கலங்கிய தண்ணீருக்குள் தெரிவதுபோல. அதன் நடுவில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி. போனைத் திருப்பி முதுகைப் பார்த்தார் மருதாசலம். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.

"நாளைக்குப் பட்டறைக்குப் போலாங்க," என்றார். "அவரு டிபன் பாக்ஸ், சட்டை எதாச்சும் அங்க இருக்குமில்ல. அதை வாங்கிக்கலாம்."

மறுநாள் அவர்கள் போனபோது தரணீதரன் வாசல் கேட் அருகே வெயிலில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று கத்திக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்கக்கா, வாங்க. உள்ள போனா டவரே எடுக்கறதில்ல, பேசறதுக்கு வெயிலுக்குத்தான் வரணும்."

வாட்ச்மேன் வேலையோடு ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் நல்லான் முருகேஷின் டிபன் பாக்ஸை எடுத்து வரப் போனார். கிட்டுசாமியும் கூடவே நடந்து ஒரு பீடி கொடுத்தான். ஷட் டவுன் நாளில் இங்கே என்ன நடக்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

"மிஷின் கழுவற நாளுங்க அது. எல்லாத்தையும் நிறுத்தி, சிக்குன துணியெல்லாம் அறுத்தெடுத்து, எண்ணெய் போடுவோம்," என்றார் நல்லான். பிறகு என்ன நினைத்தாரோ, பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கிட்டுசாமி ஓடிவந்து அதை மருதாசலத்தின் காதில் ஓதினான். அவர் தலையை ஆட்டிவிட்டு ஹைட்ரோ பக்கம் நடந்தார்.

ஹைட்ரோவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டி. மூடியைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டிய பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. சாரதாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிங்க ஆச்சு?" என்றார் மருதாசலம்.

"கண்றாவிங்க. மிஷின் ஓடிட்டு இருக்குது, இவன் போனைப் பாத்துட்டே குனிஞ்சிருக்கான். துணி சுத்தி ரெண்டு கையையும் இழுத்துருச்சு. முழங்கை வரைக்கும். சட்டிக்குள்ள துணி அறுக்கற கத்தி ஒண்ணு கெடந்துச்சு, அதுலயும் வெட்டு."

"போன்?"

"பக்கத்துல கீழ கெடந்துச்சுங்க. மக வீடியோ தொறந்தபடி."

ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் கீதாஞ்சலி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகாத, மெலிந்த பெண். சாரதாமணியைப் பார்த்ததும் எழுந்தவள், தலை நிமிரவேயில்லை. மேசைமேல் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குட்டை ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது, நுனி சும்மா கிடந்தது. மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி.

டீ வந்தது. மருதாசலம் ஊதி ஊதிக் குடித்தார். கிட்டுசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏம்மா கண்ணு," என்றார் மருதாசலம் கீதாஞ்சலியிடம், போனை நீட்டி. "இந்த அம்மிணி புருஷன் போட்டோவைப் பிரின்ட் போடணும்ங்கறாங்க. எனக்கு இதெல்லாம் வராது. கொஞ்சம் எடுத்துக் குடு சாமி."

அவள் போனை வாங்கினாள். விரல் தானாக ஓடிக் கோடு இழுத்தது. திரை திறந்தது.

சாரதாமணிதான் முதலில் கவனித்தாள். "உனக்கு எப்படிம்மா தெரியும் அந்தக் கோடு?"

கீதாஞ்சலியின் கை அப்படியே நின்றது. தரணீதரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பயப்படாத கண்ணு," என்றார் மருதாசலம். "கரண்டு போனா தெருவுல இருக்கற நெட்டுப் பெட்டியும் போயிரும். அப்ப இங்க மெயில் எப்படிப் போகும்?"

"என் போன்லதான் போடுவோம்," என்றார் தரணீதரன் அவசரமாக.

"உங்க போனுக்கு உள்ள டவரே எடுக்காதுன்னு வாசல்ல நீங்கதானுங்க சொன்னீங்க. எடுக்கறது ஒரே சிம்மு. செத்தவனோடது."

மருதாசலம் யாரையும் பார்க்காமல், பழைய விசாரணைத் தாளை வாசிப்பதுபோலப் பேசினார்.

"முருகேஷ் காத்தால சார்ஜ் இல்லாம வந்தாரு. நாளெல்லாம் கரண்டு இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போன போன்ல சார்ஜ் நெறைஞ்சு இருந்துச்சு. ஹாட்ஸ்பாட் போட்டா சார்ஜ் எறங்கும். ஒயரைச் சொருகிக் கம்ப்யூட்டருக்கு நெட்டுக் குடுத்தா ஏறும். இன்வெர்ட்டர்ல ஓடறது இந்தக் கம்ப்யூட்டர், சொருக ஒயரு இங்க கெடக்குது. அன்னிக்கு டேட்டா பூராவும் தீந்திருக்குது. மிஷினடியில நிக்கற மனுசன் அத்தனையையும் எப்படித் தீப்பான்? தீத்தது கம்ப்யூட்டரு."

"அதுக்கும் அவன் சாவுக்கும் என்னங்க சம்பந்தம்?" தரணீதரனின் குரலில் தேன் வற்றியிருந்தது. "வேலை முடிஞ்சதும் அவன் வாங்கிட்டுப் போயிட்டான்."

"ரெண்டு கையும் உள்ள போச்சுன்னீங்க. கத்தி சட்டிக்குள்ள கெடந்துச்சுன்னீங்க. ஒரு கை துணியைப் புடிக்கும், ஒரு கை அறுக்கும். போனை எந்தக் கையில வெச்சிருந்தாரு? கையில இருந்திருந்தா அதுவும் சட்டிக்குள்ள போயி நொறுங்கியிருக்கும். இதுல சாயக்கறை கூட இல்ல. அப்பறம், ஓடற மிஷினுக்குள்ள எவனாச்சும் கத்தியோட கையை உடுவானுங்களா? அது ஓடலை. ஷட் டவுன் நாளு கழுவற நாளு. அவரு கை உள்ள இருக்கறப்ப அதுக்குக் கரண்டு வந்துச்சு. கிட்டு, நல்லானைக் கூப்புடு."

நல்லான் உள்ளே வரவில்லை. கதவருகே நின்று, கழுத்தில் கயிற்றில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெனரேட்டர் போடறதுக்கு முன்ன என்ன பண்ணுவீங்க?"

"விசில் ஊதுவேனுங்க. ரெண்டு தடவை. எல்லாரும் மிஷினை உட்டு வெலகுவாங்க."

"அன்னிக்கு?"

நல்லான் மேனேஜரைப் பார்த்தார். பிறகு சாரதாமணியைப் பார்த்தார். "ஊத உடலீங்க. சார் ஜன்னல்ல நின்னு, போடுடா, போடுடான்னு கத்துனாரு. போட்டுட்டேன். நான் திரும்பறதுக்குள்ள அந்தச் சத்தம் கேட்டுருச்சுங்க."

தரணீதரன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "ஆர்டர் குடுத்த பையர் துணி போட்டோ கேட்டுட்டே இருந்தான். அன்னிக்கு அனுப்பாட்டி ஆர்டர் கேன்சல்ன்னான். பாதி போயிட்டு இருக்கறப்ப இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சிருச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சா மொதல்ல இருந்து அனுப்பணும். நான் மிஷினை நெனைக்கலீங்க."

"போட்டோ போச்சுங்களா?"

"போச்சு," என்றார் தரணீதரன்.

கீதாஞ்சலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அந்தச் சத்தத்துக்கு அப்பறம், ஒயரைப் புடுங்கி, போனைத் தொறந்து குடுன்னாரு. எதாச்சும் வீடியோவைத் தொறந்து வெய்யின்னாரு. மேல அந்தப் புள்ள அனுப்புனது வந்திருந்துச்சு. தொட்டேன். தொறக்கலை, டேட்டா இல்லாம சுத்திட்டே இருந்துச்சு. அப்படியே வாங்கிட்டுப் போயிட்டாருங்க. எங்க ஊட்டுல நாந்தான் சம்பாதிக்கறேங்கக்கா."

சாரதாமணி அவளைத் திட்டவில்லை. "இதை ஸ்டேசன்ல வந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எத்தனை நாள் நிற்கும் என்று கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. அதனால் அப்போதே அவளையும் நல்லானையும் லோடு ஆட்டோவில் ஏற்றினான். ஸ்டேஷனில் இருவரும் சொன்னதை எழுதி வாங்கி முடிக்கும்வரை மருதாசலம் பெஞ்சை விட்டு எழவில்லை.

பொழுது சாய வேலம்பாளையத்தில் சாரதாமணியின் வீட்டுக்குப் போனார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. யாழினி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயசுப் பெண், பார்த்தால் அதற்கும் குறைவாகத் தெரிந்தது. மருதாசலம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"நான் அனுப்பாம இருந்திருந்தா?" என்றாள் அவள்.

"அப்பவும் இதேதான் நடந்திருக்கும் கண்ணு. நீ அனுப்புனப்ப அந்தப் போன் அப்பாகிட்டயே இல்ல. ஆபீசுல சொருகிக் கெடந்துச்சு."

"நீல டிக்கு?"

"ஆபீசுப் பொண்ணு தொட்டுது. அப்பா இல்ல."

அவள் கட்டியிருந்த முழங்காலை விட்டாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப நான் தனியா ஓட்டுனதை அப்பா பாக்கவே இல்லீங்களா?"

பார்த்தார் என்று சொல்லிவிடுங்கள் என்று கிட்டுசாமி மனசுக்குள் கெஞ்சினான்.

"இல்ல கண்ணு," என்றார் மருதாசலம். "பாக்கலை."

அதுவரை வராத அழுகை சத்தமாக வந்தது. அடுப்படியிலிருந்து சாரதாமணி ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

வெளியே வந்ததும் கிட்டுசாமி கேட்டான். "ஒரு பொய் சொல்லியிருக்கலாமேங்ணா?"

"இத்தனை நாளும் அவ தலையில இருந்தது பொய்தானேப்பா," என்றார் மருதாசலம், செருப்பை மாட்டிக்கொண்டே.

கிட்டுசாமி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை. உள்ளே அந்த அழுகை ஓய்ந்து, தட்டில் சோறு விழுகிற சத்தம் கேட்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.