துரை காலி செய்த அறை

போனை வைத்த பிறகும் கடல் சத்தம் நிற்கவில்லை.

மேலாளர் போனைத் திருப்பிப் பார்த்தார். திரை இருண்டுதான் கிடந்தது. ஆனாலும் அந்த இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்தின் பின்பக்கம், கோப்பு அலமாரிகளுக்கும் குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவில் எங்கோ, ஓர் அலை மெதுவாக வந்து, மணலை அரித்துக்கொண்டு பின்வாங்கியது. அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகவேண்டும். ஏ.சி.யைப் பழுதுபார்க்க வந்தவன் தூசியைத் தட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பான், அதன் வேலைதான் இது என்று முடிவு செய்தார். உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் சோம்பேறிகள் என்பது அவருடைய கணிப்பு. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றவளிடமே, "செத்தது அவர்தான்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்ட மனிதர்.

விடுமுறைக்கு மலைப்பக்கம் போகலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். ஆனால் மலைக்குச் சகலை போய்வந்துவிட்டான். மைத்துனியைக் கட்டிய அந்த வாயாடி, எடுத்த படங்களையெல்லாம் அகப்பட்டவர் கண்ணில் திணித்துக்கொண்டிருந்தான். அதனால் மேலாளர் கடலோரத்தைப் பிடித்தார். சும்மா கடலோரம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுக ஊர். கலங்கரை விளக்கம், கல்லறைத் தோட்டம், கட்டிப்பிடிக்க முடியாத தூண்களோடு ஒரு பழைய பங்களா. அதன் பெரிய ரூமில் தேக்குக் கட்டிலில் தான் படுப்பது, கூட வரும் சகலையைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பொந்தில் போடுவது. விடுமுறைத் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். இதைச் சொல்லி அவர் சிரித்தபோது மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு ரசனை கிடையாது.

சற்று முன்பு பேசிய பங்களாக் காவலாளி வேறு வகை முட்டாள்.

"பெரிய ரூம் கொடுக்க முடியாதுங்கய்யா. அதுல துரை இருக்காரு."

"எந்தத் துரை? வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டுப் போய் எத்தனை காலமாச்சு?"

"மத்தவங்க போயிட்டாங்க. இவரு போகலைங்க."

கூட நாலு காசு கேட்க இப்படி ஒரு கதை. அவனை மட்டம்தட்ட மேலாளருக்கு நாக்கு ஊறியது. "அப்படியா? நேரா போய் அவன்கிட்ட சொல்லு. மேனேஜர் குடும்பத்தோட வர்றாரு, ரூமைக் காலி பண்ணுடான்னு. இந்த வார்த்தை மாறாம சொல்லு."

மறுமுனையில் போனை எதன்மீதோ வைக்கும் ஓசை. வெறுங்கால்கள் மரப்படியில் ஏறிப்போயின. அலைகள் மட்டும் கேட்டன. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "சொல்லிட்டேங்கய்யா" என்றான். அவன் அழுதுகொண்டிருந்ததுபோல இருந்தது.

"கிறுக்குப் பய" என்று சொல்லித்தான் மேலாளர் போனை வைத்தார்.

இப்போது அந்த அலுவலகத்தில் வாடை வேறு அடித்தது. நனைந்து காயாத கம்பளி வாடை. பழைய தோல், சுருட்டு, அதற்கு அடியில் பூஞ்சை பூத்த மரத்தின் இனிப்பு. ஊழியர்கள் கிளம்பிப்போன பிறகு ஜன்னல் வழியே விழுந்த சாயங்கால வெளிச்சத்தில் காலி நாற்காலிகளின் நிழல்கள் தரையில் நீண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உட்கார்ந்த ஆளின் தோள்கள் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோள்கள் எழுந்தன. வாசல் பக்கம் நகர்ந்தன. அலைச் சத்தமும் கூடவே போய், நின்றது.

போன் அடித்தது. காவலாளி.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! துரை கிளம்பிட்டாரு. எங்க அப்பன், பாட்டன் எல்லாம் அவரு காலடியிலயே செத்தாங்க. யாராவது போகச் சொன்னா போயிடுவாருன்னு தெரியும், ஆனா எங்களுக்கு வாய் வரலை. நீங்க சொல்லிட்டீங்க."

"எங்கே..." மேலாளர் தொண்டையைச் செருமினார். "எங்கே கிளம்பினாங்க?" தன் வாயில் வந்த மரியாதை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"போகச் சொன்னவங்க வீட்டுக்குத்தானுங்களே."

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் கனத்த காலடிகள், அவசரமே இல்லாமல், ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு போயின. கட்டில் முனகியது.

"சத்தமா பேசாதீங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "படுத்திருக்காங்க."

"யாரு? யாரு படுத்திருக்கா?"

வைத்துவிட்டாள்.

காரை எப்படி ஓட்டினார் என்று தெரியாது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. அந்த வாடை, அலுவலகத்தில் அடித்ததைவிடக் கெட்டியாக, முகத்தில் துணிபோல ஒட்டியது. படுக்கையறைக்கு வெளியே, சுவரோரமாக, மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். மனைவி. மகள், பள்ளிக்கூடச் சீருடையோடு. பயணம் பற்றிப் பேச வந்திருந்த சகலை. மூவரும் வெறுங்கால். மூவரும் கையைக் கட்டி, தரையைப் பார்த்தபடி. வாய் ஓயாத சகலை மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டான்.

"என்னடா கூத்து இது?" என்று அதட்ட நினைத்தார். வாய் திறக்கவில்லை. குனிந்து பார்த்தார். ஷூவை எப்போதோ கழற்றியிருந்தார்.

உள்ளே யாரோ செருமினார்கள்.

மகள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் அவள் கையை எட்டிப் பிடித்தார். குளிர்ந்திருந்தது.

"விடுங்க" என்றாள் மனைவி, நிமிராமல். "கூப்பிட்டா போகணும்."

"நான் போறேன்."

மகளைப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே போனார். அவருடைய கட்டில். அவருடைய வெள்ளைப் போர்வை. அதற்கு அடியில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, அதையும் தாண்டி, ஒரு நீளம். முகம் மூடியிருந்தது. போர்வையின் ஓரத்திலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெளுத்து, ஊறி, உப்பிய கால்.

அவர் மண்டியிட்டார். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போய் அமுக்கியது. விரல்கள் கணு வரை புதைந்தன. ஈரக் களிமண்போல. விரலை எடுத்ததும் குழி மெல்ல மூடியது.

செருமல்.

சகலை வந்து பக்கத்தில் மண்டியிட்டான். போர்வை அசைந்தது. இன்னொரு கால் நீண்டது.

செருமல்.

மனைவி வந்தாள். போர்வை மறுபடி அசைந்தது.

மூன்றாவது கால்.

மேலாளர் கத்தினார். கத்தியதாக நினைத்தார். கைகள் நிற்கவில்லை. அமுக்கின. விட்டன. அமுக்கின.

செருமல்.

போர்வையின் கீழ்விளிம்பு, கட்டிலின் ஓரத்தில், தரையை ஒட்டி உயர்ந்தது. அங்கிருந்து மெதுவாக ஒரு கால் வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. குழந்தைக் கைக்கு எட்டும் தாழ்வில்.

மகள் வந்து உட்கார்ந்தாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு, காலம்காலமாகப் பழகியவள்போல, அமுக்கத் தொடங்கினாள்.