குங்குமம் பட்ட சுத்தியல்

"என்னைப் புளுகின்னு சொன்ன வாயாலேயே இல்லைன்னு சொல்ல வைக்கிறேன். வாங்க!"

பூங்கோதை படகிலிருந்து இடுப்பளவு நீரில் குதித்தாள். எதிரே அந்தமான் கடலில் கரும்புகைத் தீவின் எரிமலை உறுமியது. சக ஆய்வாளன் ரஃபீக் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தான். படகோட்டி சுடலைமுத்து நங்கூரத்தை வீசிவிட்டுச் சுத்தியல் பெட்டியோடு பின்னால் வந்தார்.

அவள் தேடிய புதையல் வெறும் சேறு! கடலடிச் சேறு பூமிக்குள் அமிழ்ந்து, உருகி, எரிமலைப் பாறையாகத் திரும்பி வருகிறது என்பது அவள் வாதம். அதற்குச் சாட்சி பாறையிலுள்ள ஈயம். ஈயத்தில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு, ஐசோடோப்புகள் என்பார்கள். அவற்றின் விகிதம் கைரேகை மாதிரி. சேற்றின் ரேகை பாறையில் இருந்தால் அவள் சொன்னது மெய். ஆனால் போன வருடம் அவள் இங்கே உடைத்தெடுத்த கற்களில் எந்தச் சேற்றோடும், எந்த எரிமலையோடும் ஒட்டாத ஈயம் வந்து தொலைத்தது. எண்களை இஷ்டத்துக்கு எழுதிவிட்டாள் என்று ஆய்வகத் தலைவர் நிறைந்த கூட்டத்தில் அறிவித்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அந்த மனுஷன்! இந்தப் பயணம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

சாம்பல் சரிவில் கால் புதையப் புதைய ஏறினார்கள். புதிதாக இறுகிய பாறைக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். எல்லாச் சுத்தியலிலும் பளிச்சென்று குங்குமப் பொட்டு!

"யார் வேலை இது?"

"நான்தான் தாயி," என்றார் சுடலைமுத்து. "நேத்து ஆயுத பூசையில்லா? எரிமலைக்குப் போற இரும்பு மொட்டையாப் போகலாமா? போன வருசமும் இதே பொட்டலத்துல இருந்து நான்தான் வச்சுவிட்டேன்."

"போன வருஷமுமா!" அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "மலிவுக் குங்குமத்துல ஈயம் கலக்குறாங்க அண்ணே! ஒரு வருஷமா புளுகிங்கிற பேரோட சோறு தின்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நல்லது நெனச்சுத்தான்..."

"நினைச்சது போதும்!"

மலை வெடித்தது. கற்கள் சடசடவென விழுந்தன.

"கோதை, இறங்கிடலாம்!" என்று கத்தினான் ரஃபீக்.

"வெறுங்கையோட வரமாட்டேன்!"

சுத்தியலைத் தொடாமல் புதுக் கையுறையை மாட்டினாள். அதே பாறையிலிருந்து உடைந்து கிடந்த பெருங்கல்லைத் தூக்கி, ஓராண்டுக் கோபத்தையும் சேர்த்துப் பாறைமேல் போட்டாள். போட்டாள், மறுபடியும் போட்டாள். பாறை பிளந்தது! உள்ளிருந்த துண்டை ரஃபீக் புதுப்பையில் ஏந்தினான். அதற்குள் சுடலைமுத்து சுத்தியல்களைக் கொட்டிவிட்டு, அந்த இரும்புப் பெட்டியை அவள் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துவிட்டார். ஒரு கல் பெட்டியை நசுக்கியது. மூவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

படகு கிளம்பியதும் அவள் கேட்டாள், "அந்தக் குங்குமப் பொட்டலம் எங்கே?"

"இந்தா இருக்கு. கடல்ல வீசிடவா?"

"வீசினா உங்களையும் சேர்த்துத் தள்ளிடுவேன். அதுதான் என் சாட்சி!"

ஆய்வில் புதுக்கல்லின் ஈயம் கடலடிச் சேற்றோடு ஒத்துப்போனது. பழைய கற்களைக் கெடுத்த ஈயமோ அப்படியே குங்குமத்தின் ஈயம்! அதே கூட்டத்தில் அதே தலைவர் எழுந்து, அவள் சொன்னது உண்மை என்று முனகினார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்களா சார்?"



அடுத்த ஆயுத பூசையன்று சுடலைமுத்து படகுக்குப் பொட்டு வைத்துவிட்டு, நசுங்கிய பெட்டி முன்னால் தட்டோடு தயங்கினார்.

"தாயி, இதுக்கு வைக்கலாமா?"

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டீங்களே, அது போதும் அண்ணே. பெட்டி மேல பூ மட்டும் வைங்க."