நிற்காமல் ஓடிய பாட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபஹீமா மாடி அறையைத் திறந்தபோது மேஜை மட்டும் இருந்தது. லேப்டாப் இல்லை. அதோடு ஒட்டியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. ஹெட்போன் தரையில் கிடந்தது. எடுத்துப்போனவன் அதை மிதித்துவிட்டுப் போயிருந்தான். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை.

அரை மணி நேரத்தில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நின்றாள்.

"என்ன களவு போச்சு?" என்று கேட்டார் ஏட்டு கண்ணன்.

"லேப்டாப்பு. அதுக்குள்ள என் பாட்டு."

"பாட்டயா களவாண்டுட்டுப் போயிட்டான்? ராகத்தோடயா, ராகம் இல்லாமலயா?"

பக்கத்தில் இருந்த இரண்டு காவலர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எஸ்.ஐ. எப்சிபா உள்ளே வந்துவிட்டார்.

"ஏட்டய்யா, உங்க வீட்டுல களவு போனா நாங்களும் இப்படிச் சிரிக்கலாமா?"

கண்ணன் எழுந்து நின்றார். எப்சிபா நாற்காலியை இழுத்து ஃபஹீமாவுக்குப் போட்டார். இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வருஷமாகிறது. பெண்கள் வந்து புகார் சொல்லும்போது எழும் இந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் பழகவில்லை. பழகவும் கூடாது என்று வைத்திருந்தார்.

"சொல்லும்மா. முதல்ல இருந்து."

ஃபஹீமா சொன்னாள். வீட்டில் வாப்பாவின் விசைத்தறிகள் நாலும் காலையிலிருந்து ஓடும். அங்கே உட்கார்ந்து மெல்லிய சத்தம் எதையும் கேட்க முடியாது. அதனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெள்ளத்துரை அண்ணாச்சியின் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு மேலே உள்ள அறையில் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறாள். தறிச் சத்தத்தையே பதிவு செய்து, வெட்டி, அதைத் தாளமாக்கி ஒரு டான்ஸ் பாட்டு செய்தாள். எட்டு மாத வேலை. முடித்ததும், கல்யாணங்களுக்கு டிஜேயாகப் போகும் மகாராஜனிடம் போட்டுப் பார்க்கும்படி கொடுத்தாள். ஊரே ஆடியது. போன வாரம் மகாராஜன் அதைத் தன் பெயரில் இணையத்தில் ஏற்றிவிட்டான். சென்னையில் ஒரு இசைக் கம்பெனி அதைக் கேட்டு, வாங்கிக்கொள்கிறோம் என்று அவனுக்கு எழுதியது.

"நான் கம்பெனிக்கு மெயில் போட்டேன், மேடம். சனிக்கிழம ரெண்டு பேருக்கும் பதில் வந்துச்சு. பாட்டோட தனித்தனிப் பாகம் எல்லாத்தையும் திங்கள் சாயங்காலத்துக்குள்ள யார் அனுப்புதாங்களோ, அவங்களுதுதான் பாட்டுன்னு."

"பாகம்னா?"

"பாட்டு முடிஞ்சா ஒரே ஃபைலு. அதத்தான் அவருக்குக் கொடுத்தேன். தறிச் சத்தம் தனி, பேஸ் தனி, குரல் தனின்னு அறுபது துண்டு லேப்டாப்புல இருக்கு. அந்த ரூமு நெட்டுல அத எங்கயும் ஏத்தி வைக்க முடியல."

"அவரும் டிஜேதான? அவருகிட்ட அது இருக்காதா?"

ஃபஹீமாவின் முகம் சிவந்தது.

"எல்லாரும் இதேதான் கேக்காங்க, மேடம். அவர் மேடையில நிக்காரு, கைய ஆட்டுதாரு, அதனால பாட்டு அவருதுன்னு நெனைக்காங்க. ஜவுளிக் கடையில சேலைய விரிச்சுக் காட்டுதவரா அத நெய்தாரு? விரிச்சுக் காட்டவும் திறமை வேணும், நான் இல்லேங்கல. எதிர்ல நிக்கிற ஆளப் பாத்து எந்தச் சேலைய எப்ப எடுக்கணும்னு தெரியணும். மகாராஜண்ணே அதுல கெட்டிக்காரரு. கூட்டத்து மூஞ்சியப் பாத்தே அடுத்த பாட்ட எடுப்பாரு. நான் யார் மூஞ்சியும் பாக்குறதில்ல. ரூமுக்குள்ள இருந்து ஒரு சத்தத்த ஒரு வாரம் செதுக்குவேன். அது வேற வேல, இது வேற வேல."

எப்சிபா அதை மனதில் குறித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்குக் கடையில் விசாரணை. வெள்ளத்துரைக்கு வயது ஐம்பது இருக்கும். வியர்த்துக்கொண்டே பேசினார்.

"நேத்து ஞாயித்துக்கெழம. பிள்ள அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டு. நான் ஆறு மணிக்குக் கடையப் பூட்டிக் கோயிலுக்குப் போனேன். ஏழரைக்குத் திரும்பி வந்து இங்கனதான் படுத்தேன்."

"கோயில்ல யாரும் உங்களப் பாத்தாங்களா?"

"கும்பிடப் போனவன் ஆள் பிடிச்சா வைப்பேன்?"

"மாடிச் சாவி?"

"கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால ஆணியில கிடக்கும். மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, பிள்ளைக்கு, வயர் வாடகைக்கு எடுக்க வர்ற மகாராஜனுக்கு."

ஆறிலிருந்து ஏழரைக்குள் நடந்திருக்கிறது. சாவி தெரிந்தவர்கள் மூன்று பேர். கண்ணன் எப்சிபாவின் காதருகே வந்தார்.

"மேடம், இந்த ஆளுதான். மகாராஜன் நேத்து சாயங்காலம் பூரா கல்யாண மண்டபத்துல பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்தான். நானே வரவேற்புக்குப் போயிருந்தேன். பாங்கு நேரம் தவிர எட்டு மணி வரைக்கும் பாட்டு நிக்கவே இல்ல."

"ஆளப் பாத்தீங்களா, பாட்டக் கேட்டீங்களா?"

"அவன் பெட்டியெல்லாம் எல்இடி திரைக்குப் பின்னால, மேடம். மேடையில பூ அலங்காரம் கெடும்னு மண்டபக்காரன் விடல. பாட்டு ஓடுச்சே, பிறகென்ன?"

வெள்ளத்துரைக்கு அது கேட்டுவிட்டது. "என் கடையில இருந்து நானே களவாண்டு எனக்கு என்ன வே கெடைக்கப் போவுது?" என்று கண்ணனைப் பார்த்துக் கத்தினார். கண்ணன் லத்தியை மாற்றிப் பிடித்தார். எப்சிபா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

பதினொன்றரை மணி. மகாராஜன் வீட்டு முற்றத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் வரிசையாக நின்றன. மகாராஜன் முப்பது வயது. தலைமுடியில் பாதி செம்பட்டைச் சாயம். பதறாமல் பேசினான்.

"மண்டபத்த விட்டு அசையல, மேடம். சோறு தின்னக்கூடப் போகல. மாப்பிள்ள வீட்டு பஸ் புளியங்குடியில இருந்து லேட்டா வந்துச்சு. அஞ்சரைக்கு ஆரம்பிக்க வேண்டியத ஆறு மணிக்குத்தான் ஆரம்பிச்சோம். எட்டு வரைக்கும் ஓட்டுனேன்."

"நடுவுல எங்கயும் நிறுத்தலியா?"

"ஆறரைக்குப் பாங்கு சொன்னாங்க. மண்டபத்துக்கு எதிர்த்தாப்புல பள்ளிவாசலு. பாங்கு கேட்டதும் சவுண்டக் குறைச்சேன். அது நம்ம ஊர் மரியாத. நான் ஒரு நாளும் அதத் தவறவிட்டதில்ல. யாருகிட்ட வேணாலும் கேளுங்க."

எப்சிபா கேட்கப் போனார். கல்யாணப் பெண்ணின் அம்மா செண்பகவல்லி, வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் பேச்ச எடுக்காதீங்க, மேடம். என் அக்கா மக கல்யாணத்துல நல்லாப் போட்டானேன்னு அவனப் பிடிச்சேன். நேத்து ஒரு மண்ணும் உருப்படியா இல்ல. பிள்ளைக 'இன்னொரு தடவ, இன்னொரு தடவ'ன்னு கத்துதுவ, அவன் பாட்டுக்கு அடுத்ததுக்குப் போறான். எதிர்ல பாங்கு சொல்லுதாங்க, இங்கன டமடமன்னு அடிக்கான். எனக்கு உடம்பே கூசிப்போச்சு. எத்தன வருசமா அந்தத் தெருவுல ஒண்ணா இருக்கோம். நான் கத்துன கத்துல எலக்ட்ரீசியன் ஓடிப்போய் ஸ்பீக்கர் மெயின இறக்கினான். பாங்கு முடிஞ்சதும் ஏத்தினான்."

"மகாராஜன ஏசலையா?"

"தாலி கட்டுன மறுநாளே மக கண்ணத் தொடச்சுக்கிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போறா, இவன ஏச எனக்கு எங்க நேரம்? ஆனா திமிரப் பாருங்க. மெயின இறக்குனதுக்கு அரை மணி நேரம் பொறுத்து, அவனே பாட்ட மெல்லக் குறைச்சு, அஞ்சு நிமிஷம் அப்படியே போட்டுட்டான். எனக்குப் பழி வாங்குதானாம். ஆடுன பிள்ளைக எல்லாம் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு."

எப்சிபா வீடியோ எடுத்தவரின் நம்பரை வாங்கினார்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். மகாராஜனின் லேப்டாப்பும் மேஜைக்கு வந்திருந்தது. எப்சிபா கல்யாண வீடியோவை ஓடவிட்டார். பாங்கு கேட்டது. அதன் மேல் பாட்டு அடித்து நொறுக்கியது. செண்பகவல்லியின் குரல். சட்டென்று பாட்டு நின்று, பாங்கு மட்டும் கேட்டது.

"பாங்குக்கு நீதான் சவுண்டக் குறைச்சேன்னு சொன்ன, மகாராஜா. இங்க குறைச்சது மெயின் சுவிட்ச்."

மகாராஜன் உதட்டை நனைத்தான். "அது, கொஞ்சம் லேட்டாக் கவனிச்சேன், மேடம்."

"அரை மணி நேரம் லேட்டாவா?" எப்சிபா வீடியோவை முன்னே தள்ளினார். பாட்டு தானாகத் தேய்ந்து, ஐந்து நிமிடம் முனகி, தானாக எழுந்தது. "அஞ்சரைக்கு ஆரம்பிச்சிருந்தா இந்த இடம் பாங்கு நேரத்துக்குச் சரியா வந்திருக்கும். நிகழ்ச்சி அரை மணி நேரம் தள்ளிப் போச்சு. நீ முன்கூட்டியே செஞ்சு வச்ச மௌனமும் அரை மணி நேரம் தள்ளிப் போச்சு."

கண்ணன் திரையருகே குனிந்து பார்த்தார்.

"ஃபஹீமா, இவர் லேப்டாப்பத் திறந்து பாரும்மா."

அவள் தேட அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை இரவு செய்த ஒரே ஃபைல். இரண்டு மணி நேரம் நீளம். திரையில் ஒலியின் படம் தடித்த கயிறு போல நீண்டு கிடந்தது. சரியாக ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் மட்டும் அது நூலாக மெலிந்திருந்தது.

எப்சிபா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"டிஜேன்னா கூட்டத்தப் பாக்கிறவன்னு இந்தப் பிள்ள சொன்னா. நீ அதுல கெட்டிக்காரன்னு உன்கிட்ட பறிகொடுத்தவளே சொன்னா. அப்படிப்பட்டவன் பிள்ளைக கத்துறதக் கேக்கல, பாங்கக் கேக்கல. ஏன்னா திரைக்குப் பின்னால ஆளே இல்ல. வழக்கமா அந்த மரியாதய உன் கை தானாச் செய்யும். நேத்து அதையும் ஃபைலுக்குள்ள வச்சு அடைச்ச. நிகழ்ச்சி தள்ளிப் போனதும் அவசரத்துல பட்டனத் தட்டிட்டு ஓடின, உள்ள அடைச்சு வச்சத மறந்துட்ட. கம்பெனி கேட்ட அறுபது துண்டு உன்கிட்ட இல்ல. அதுக்காகத்தான் ஆணியில கிடந்த சாவிய எடுத்த. லேப்டாப் எங்க?"

மகாராஜன் மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

"வீட்டுல. பெரிய பேஸ் பாக்ஸுக்குள்ள. துண்ட அனுப்பத் தெரியல, எதத் திறந்தாலும் என்னென்னவோ வருது."

வெள்ளத்துரை தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "உனக்கு வயர் வாடகைக்குத் தந்தேனே, பாவி. நான்லா கம்பி எண்ணப் பாத்தேன்" என்றார்.

மகாராஜன் ஃபஹீமா பக்கம் திரும்பினான். "ஏ பிள்ள, நான் போடலேன்னா அந்தப் பாட்ட யாரு கேட்டிருப்பா? உன் ரூமுக்குள்ளயே கிடந்திருக்கும்லா? ஆட வச்சது நான்."

"ஆமா, நீதான் ஆட வச்ச." அவள் முதல்முறையாக அவனை நீ என்றாள். "அதுக்கு உனக்குக் கைதட்டுனாங்க, மாலை போட்டாங்க. நான் அதுல பங்கு கேட்டனா? பாட்டப் போடும்போது என் பேரையும் ஒரு தடவ மைக்குல சொல்லுன்னுதான கேட்டேன். பொம்பளப் பிள்ள பேரச் சொன்னா கெத்து போயிரும்னு சிரிச்சியே. இப்ப சிரி."

கண்ணன் அவனை லாக்கப்புக்குள் கொண்டுபோனார்.

நாலு மணிக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகை கழன்றது. கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் எழுதி முடித்து, எப்சிபாவின் கண் முன்னாலேயே அறுபது துண்டுகளும் ஸ்டேஷன் நெட்டில் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசித் துண்டு போய்ச் சேர்ந்தபோது ஐந்தேமுக்கால்.

கம்பெனியிலிருந்து உடனே போன் வந்தது. ஃபஹீமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துடுச்சும்மா, சந்தேகமே இல்ல, உங்களுதுதான். வாழ்த்துகள். அடுத்த மாசம் சென்னையில வெளியீட்டு விழா. நீங்க டிஜேதான? மேடையில நின்னு ஒரு மணி நேரம் போட்டுருவீங்கல்ல?"

கண்ணன் ஆர்வமாக முன்னே சாய்ந்தார். லாக்கப் கம்பிக்குப் பின்னால் மகாராஜன் தலையைத் தூக்கினான்.

"நான் டிஜே இல்ல, சார்," என்றாள் ஃபஹீமா. "பாட்டுப் போட ஒரு நல்ல ஆள நீங்களே பாத்துக்கோங்க. அவர் போடுறதுக்கு முன்னால என் பேர மைக்குல சொல்லணும். வாப்பா பேரோட, ஊர் பேரோட. சொல்லலேன்னா பாட்டு கிடையாது."

மறுமுனையில் யாரிடமோ கேட்டுக்கொள்ளும் சத்தம் வந்தது.

"சரிம்மா. முழுப் பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்.