முகத்துணிக்கு முந்தின ஷாட்

அன்னமேரியின் அடக்கத்தை எடுத்தது இரண்டே கேமராக்கள். ஒன்று அவள் கணவர் சுவக்கீனின் கையில் இருந்தது, இன்னொன்று உதவிக்கு வந்த ஷிஜுவின் கையில். ஆனால் கம்ப்யூட்டரில் மூன்றாவதாக ஒரு கோணம் கிடந்தது.

மெமரி கார்டில் ஏதோ குழப்பம் என்று சுவக்கீன் முதலில் அதைத் தொடவில்லை. சின்னக்கானலில் மதியத்துக்கு மேலேயே மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு காணாமல் போயிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தமும், ஆறிப்போன, பால் விடாத கட்டன்சாயாவின் வாசமும், அடக்கத்தன்று புகுந்து இன்னும் வெளியேறாத சாம்பிராணி நெடியும் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. வேலையை முடித்தாக வேண்டும். மகள் டின்டுவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. பெற்ற தாயின் அடக்கத்தை அவள் வீடியோவில்தான் பார்க்கப்போகிறாள். காலையில் போனில் அழுதுகொண்டே ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

“அப்பா, நீங்க அம்மாவுக்கு முத்தம் குடுத்த எடத்த மட்டும் வெட்டிராதீங்க. அத நான் பாக்கணும்.”

வெட்டுவதற்கு அப்படி ஓர் இடமே இல்லை. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

இந்த மலையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடு குறைவு. அதனால் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்களோ இல்லையோ, சாவு விழுந்தால் சுவக்கீனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவரும் கறாரான ஆள். செத்தவரை மேலேயிருந்து எடுக்கவே மாட்டார், ஆள் சிறுத்துப்போவார் என்பார். பெட்டியின் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்துதான் எடுப்பார். ஒரு முகம் பார்ப்பதைக் காட்டினால் அடுத்த ஷாட்டில் அது பார்க்கிற முகத்தைக் காட்டியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பார்வை அநாதையாக நிற்கும் என்று ஷிஜுவைப் பாடாய்ப் படுத்துவார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கடைசி முத்தம் கொடுத்து, இறந்தவரின் முகத்தில் வெள்ளைத் துணி போட்டு மூடுகிறவரை அவர் கண் வ்யூஃபைண்டரை விட்டு அகலாது.

அன்றைக்கும் அகலவில்லை. பெண்டாட்டியின் முகத்துக்கு ஃபோகஸ் பிடிக்க வேறு எவனையும் நம்பாத மனுஷன், சொந்தபந்தமெல்லாம் முத்தம் கொடுக்க, எடுத்துக்கொண்டே நின்றார். நீங்களும் வாங்க என்று யாரோ கூப்பிட்டதற்கு, இருங்கள் என்று கையை ஆட்டினார். அதற்குள் துணியைப் போட்டுவிட்டார்கள். பாவி மனுஷன், அப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

சுவக்கீன் மூன்றாவது கிளிப்பைத் திறந்தார்.

கேமரா மல்லாந்து கிடந்தது. மேலே வெளுத்த வானம், ஓரங்களில் பெட்டியின் வெள்ளைச் சரிகை. ஒவ்வொரு முகமாகக் குனிந்து வந்தது. அன்னமேரியின் தங்கை, பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள், ஃபாதர். கீழேயிருந்து பார்க்கையில் எல்லோரும் ஓங்கி உயர்ந்து தெரிந்தார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் படம் இருண்டு தெளிந்தது.

ஷிஜுவுக்குப் போன் போட்டார். பெட்டிக்குள் எதையாவது வைத்தாயா என்று கேட்டார்.

“நான் கல்லறைத் தோட்டத்து கேட் பக்கத்துலதான நின்னேன். பெட்டிக்குள்ள யாருண்ணே கேமரா வப்பாங்க?”

படம் இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். யாரையோ தேடுகிற திருப்பம். கால்மாட்டுக்கு வந்து நின்றது. அங்கே ஒரு கேமரா, அதன் பின்னால் முகம் தெரியாமல் சுவக்கீன். குனிகிறவர்கள் மறைக்க மறைக்க, விலகி விலகி அவரையே பார்த்தது. காத்திருந்தது.

“வாரேன் அன்னம்,” என்றார் சுவக்கீன், திரையைப் பார்த்து.

திரையில் இருந்தவர் வரவில்லை. கையை ஆட்டினார். வெள்ளைத் துணி இறங்கியது. மூடி விழுந்தது. மண் விழுகிற சத்தம்.

அவர் வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்து பார்த்தால், கிளிப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இருட்டு. மரத்தில் நகம் உரசும் சத்தம், வெகுநேரம். பிறகு மூடுபனி. தேயிலைச் செடிகளுக்கு இடையே, தரையை ஒட்டி, படம் நகர்ந்து வந்தது. கையில் பிடித்து நடந்தால் குலுங்கும். இது குலுங்கவில்லை. லயத்து வீட்டு வரிசை. தண்ணீர்க் குழாய். வாசலில் அவருடைய செருப்பு. திறந்த கதவு.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும்.

சாம்பிராணி நெடி போய்விட்டது. ஈர மண் வாசம்.

முதுகு பெரிதானது. தோள். பிடரி. பிடரியில் நரைமயிர். அங்கே நின்றது. காத்திருந்தது.

பார்க்கிறது. பார்க்கிற முகத்துக்கு அடுத்த ஷாட் வேண்டும். அவருக்குத் தெரியாதா?

“தப்புதான் அன்னம்.”

இந்தமுறை கண்ணைப் படத்திலிருந்து எடுத்தார். இறுக மூடிக்கொண்டார். திரும்பினார். வழக்கம்போல, பெட்டி உயரத்துக்குக் குனிந்தார்.

உதட்டில் நெற்றி பட்டது. சில்லிட்டிருந்தது. மண் ஒட்டியது.

விலக முடியவில்லை. கண்ணைத் திறந்து, ஓரப்பார்வையில் திரையைப் பார்த்தார்.

திரை முழுக்க அவர் முகம். கீழேயிருந்து, வெகு அருகில், அழுதுகொண்டு. டின்டு கேட்ட ஷாட்.

அந்த முகத்தை நோக்கி, நகமெல்லாம் மண் அப்பிய இரண்டு கைகள் எழுந்தன. வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தபடி.