கரி எரிந்து முடியும்வரை

ஆர்.கே.பேட்டை தாண்டியதும் டாஷ்போர்டில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பிரிஸில்லா அதை இதற்குமுன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடிப் பழகிய டீசல் கார் அது. இன்றைக்குத்தான், பொழுது சாய்ந்த வேளையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்ட கணவன் கிங்ஸ்லியைப் பின் சீட்டில் கிடத்தி, திருத்தணி ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு வந்தாள்.

சிறுபாலத்தருகே வாந்தி வருகிறது என்றான். நிறுத்தினாள். அவன் இறங்கி இருட்டில் குனிந்த நேரத்தில், இஞ்சினை அணைக்காமலே மெக்கானிக் நாகேந்திரனுக்குப் போன் போட்டாள்.

"சைலன்சர் பக்கம் ஒரு பில்ட்டர் கீதுக்கா. அதுல கரி அடைச்சிகினு கீது. எங்கியும் நிக்காம ஓட்டிகினே வாங்க, சூட்டுல தானா எரிஞ்சிடும். நடுவுல நின்னா அப்புறம் வண்டி இழுக்காது."

பின் கதவு திறந்து மூடியது. சீட் அமுங்கியது. அவள் திரும்பிப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினாள்.

ஓடஓட இஞ்சினின் குரல் கனத்து, அடியிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்பின் வாடை எழுந்து, ரேடியேட்டர் விசிறி ஓயாமல் இரைந்தது. சாலையோரத்து விசைத்தறிகளின் தடதடப்பு பின்னால் தேய்ந்துபோக, புளியமரங்கள் ஹெட்லைட்டில் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. தூரத்தில் மலைக்கோயிலின் விளக்கு வரிசை தெரிந்தது. அவ்வளவு தூரம்தான். கர்த்தாவே, அவ்வளவு தூரம் மட்டும்.

"வலிக்குதாங்க?"

"ஆங்."

"கொஞ்சம் கொறைஞ்சிருக்கா?"

"ஆங்."

இரண்டும் ஒரே குரல், ஒரே இழுப்பு. ஈரச்சாம்பல் நாற்றம் ஒன்று வந்தது. வெளியிலிருந்து அல்ல, முதுகுக்குப் பின்னாலிருந்து. பின் கண்ணாடி முழுக்க மூச்சாவி படிந்திருந்தது. ரியர்வியூ கண்ணாடியில் ஒரு தலையின் நிழல் நேராக நின்றது. உட்காரக்கூட முடியாமல்தானே படுத்துக்கொண்டு வந்தான்?

"என் பேரைச் சொல்லுங்க."

"ஆங்."

போன் அடித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், தயங்கித் தயங்கி.

"நான் கௌரியம்மா பேசறங்க. மாட்டைப் புடிச்சிகினு வந்தேன், பாலத்தாண்ட உங்க வூட்டுக்காரரு உக்காந்துகினு கீறாரு. அவருதான் நம்பர் சொன்னாரு. மூச்சு வுட முடியலீங்க அவரால. ஏன் வுட்டுட்டுப் போனீங்க?"

அவள் குரலுக்குப் பின்னால் ஓர் இருமல். பிறகு, "பிரிஸி."

அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

பிரிஸில்லா கதவைப் பார்த்தாள். குதித்து ஓடலாம். ஓடினால் அவனை எதில் ஏற்றிக்கொண்டு போவது? அந்தச் சாலையில் வேறு வண்டி வரவில்லை. இந்தக் கார்தான். பின்னால் இருப்பதோடு சேர்த்து, இந்தக் கார்தான். நிற்காமல், வேகத்தை முழுக்க விடாமல், மண்ணில் இறக்கி வளைத்துத் திருப்பினாள். ஆரஞ்சு விளக்கு இன்னும் எரிந்தது.

பின்னால் மூச்சு மட்டும். அவள் காதுமடல் அருகே. சூடாக.

பாலம்.

ஹெட்லைட்டில் கிங்ஸ்லி தெரிந்தான். கட்டைச்சுவரில் சாய்ந்து, கௌரியம்மாளின் கையைப் பிடித்தபடி. காரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. மலர்ந்த முகம் அப்படியே வற்றியது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையை வீசினான். போ. போ. வராதே.

அவள் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குலுக்கலில் நின்றது.

சாவியைத் திருப்பினாள். திணறியது. மறுபடியும். திணறியது.

விசிறியும் ஓய்ந்தது. அடியில் சூடான இரும்பு டிக், டிக் என்று ஆறியது.

பின் கதவு திறந்தது.

கௌரியம்மாள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். மாட்டின் கழுத்துமணிச் சத்தம் எங்கோ இருட்டில் சிதறியது. கிங்ஸ்லி எழ முயன்றான், முடியவில்லை. ஹெட்லைட் வெளிச்சத்துக்குள், கிங்ஸ்லி போட்டிருந்த அதே நீலக் கட்டம்போட்ட சட்டையோடு ஒரு முதுகு நுழைந்து, அவனை நோக்கி அவசரமில்லாமல் நடந்தது.