முழு நீர்மட்டம்

மனைவி கஸ்தூரி சமையலறையில் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்ததைத்தான் செங்கல்வராயன் முதலில் கவனித்தார். சித்திரை வெயில். நூம்பல் பக்கம் கிணறுகளெல்லாம் வற்றிப்போய், தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்த நாட்கள். சிமென்ட் தரை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. அவளோ சேற்றில் இறங்கியவளைப் போல ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்தாள்.

"என்ன கஸ்தூரி, கால் வலியா?"

"ஈரமா இருக்குங்க," என்றாள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஆனால் குனிந்த இடத்தில் ஒரு வாடை இருந்தது. பாசியும் அழுகிய கோரையும் கலந்த ஏரிச் சேற்றின் வாடை.

அவர்கள் குடியிருந்த மனைப்பிரிவே ஏரியின் உள்வாயில், தண்ணீர் தேங்கும் பரப்பில்தான் இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்குமோ, அந்த மட்டத்துக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்பது விதி. சில வருடங்களுக்கு முன் திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் கூட்டமாக அவருடைய நகரமைப்பு அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். பூந்தமல்லியில் வாடகை கொடுத்து மாளவில்லை என்றார்கள். ஏரியில் தண்ணீரே வருவதில்லை, மாடுதான் மேய்கிறது, விதியைத் தளர்த்தலாம் என்று மேலிடத்துக்குப் பரிந்துரை செய்தவர் செங்கல்வராயன். கை நீட்டி எதுவும் வாங்கவில்லை. உண்மையாகவே நம்பினார். நம்பித்தான் தானும் அங்கேயே வீடு கட்டிக் குடிவந்தார்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு லேத் தொழிலாளி தங்கவேல் தண்ணீர் லாரியருகே அவரை ஒதுக்கி அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க ஊட்ல எம்மாம் ஏறிக்கீது?"

"எது?"

"நம்ம ஊட்ல முட்டி வரிக்கும் வந்துட்ச்சு. புள்ளைங்கள கட்டில் மேல ஏத்தி வுட்டுக்கீறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று செங்கல்வராயன் முகத்தைப் பார்த்தார். இல்லை. புழுதியில் நின்றபடி தங்கவேல் லுங்கியைத் தொடைக்கு மேலே சுருட்டிப் பிடித்திருந்தார். காலில் மயிர் நனைந்து, ஒட்டிக் கிடந்தது.

அன்று அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. வெயில் தாழுமுன்பே பஸ் பிடித்துத் திரும்பினார். தெருவில் ரேடியோ பாடவில்லை, நாய் குரைக்கவில்லை, தூரத்து நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல்கூடக் காதைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டு கேட்பதுபோல மழுங்கி மழுங்கி வந்தது. புழுதி பறக்கும் தெருவில் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் அரிசி மூட்டை. தோளில் பிள்ளை. காற்றைக் கைகளால் விலக்கி விலக்கி, மெதுவாக.

தங்கவேலின் மனைவி கன்னியம்மா அவரருகே நின்றாள். குளிரில் அவள் பற்கள் கிட்டித்தன.

"எங்கம்மா போறீங்க எல்லாரும்?"

"மேட்டுக்கு சார்." அவரையே பார்த்தாள். "மேடு எந்தப் பக்கம் கீது? நீங்க சொல்லுங்க."

வீட்டுக்கு ஓடினார். கால்கள் தடையில்லாமல் ஓடின. அவரை எதுவும் நனைக்கவில்லை.

கஸ்தூரி கட்டிலின் மேல் நின்றிருந்தாள். முகவாயைக் கூரையை நோக்கி நிமிர்த்தி, வாயை மட்டும் மேலே வைத்து, சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினாள்.

"கீழ இறங்கு. ஒண்ணுமில்ல. தரை காஞ்சிருக்கு, பாரு."

"கால் எட்டலைங்க," என்றாள்.

கையைப் பிடித்து இழுத்தார். விரல்கள் சில்லிட்டு, வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன. இழுக்க இழுக்க அவள் மேலேதான் போனாள். பாதம் கட்டிலை விட்டது. பின்னல் அவிழ்ந்தது. கூந்தல் காற்றில் விரிந்து, அசைந்து, நின்றது. உதட்டிலிருந்து ஒரு குமிழி. இன்னொன்று. பிறகு இல்லை.

அவள் கணுக்காலைப் பற்றிக்கொண்டார். விடவில்லை. கூரையில் அவள் முதுகு மெல்ல இடித்தது. மறுபடி இடித்தது.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். காய்ந்த தெருவின் மேல் நிழல்கள் போய்க்கொண்டிருந்தன. பெரியவை. சின்னவை. அவர் நிமிர்ந்து பார்த்தார். மின்கம்பிகளுக்குச் சற்றுக் கீழே, முகம் கவிழ்ந்து, கைகளை அகட்டி, தெருவே மிதந்துகொண்டிருந்தது.