சுருக்கம் நீவிய விரல்கள்

கும்மிடிப்பூண்டி ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கெங்கம்மாளும் அவள் புருஷன் துளசிராமனும் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது நல்ல உச்சி வெயில். எழுபத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி மாதம். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஏரி தொடர்ந்து வறண்டதில் நிலத்தைக் கெங்கம்மாளின் தம்பி முனுசாமியிடம் விட்டுவிட்டு, புதிதாக வந்த இரும்புக் கம்பி ஆலையில் துளசிராமன் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

வீட்டுக்காரர் எம்பார் ஐயங்கார் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்பவர். சாவி கொடுப்பதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். குடையைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார். உள்ளே வந்து காட்டவில்லை. "ஓட்டு வீடுதான், ஆனா குளிர்ச்சியா இருக்கும். பின்கட்டு ரூம்தான் ரொம்பக் குளிர்ச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

அவர் சொன்னது மெய்தான். வெளியே தார் உருகும் வெயிலில் பின்கட்டு அறைத் தரை மட்டும் ஈரத்துணி போட்டு எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதற்கப்பால் கள்ளிச்செடியும் தண்டவாளமும். சரக்கு ரயில் போகும்போது சுவர் லேசாக அதிரும்.

பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மணியம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். வாய் நிறையச் சிரிப்பும் வெற்றிலையுமாக இருந்த பெண்பிள்ளை. கெங்கம்மாளைப் பார்த்துவிட்டு, மோட்டுவளையைத் துடைத்துக்கொண்டிருந்த துளசிராமனைக் காட்டிக் கேட்டாள்.

"உன் புள்ளைக்கு இன்னும் கண்ணாலம் ஆவலயாம்மா?"

துளசிராமன் ஏணியில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மணியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கெங்கம்மாளும் சிரித்துத்தான் வைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. அவனைவிட இரண்டு வயது சின்னவள். சாயங்காலம் அவன் ஆலைக்குப் போன பிறகு கண்ணாடியை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தாள். நெற்றியில் ஏர் ஓட்டியதுபோல் கோடுகள். மூக்கின் இரு பக்கமும் இறங்கி வாயைச் சுற்றி வளைந்த மடிப்பு. கழுத்தில் கயிறு இறுக்கிய தழும்புபோல் மூன்று வளையம். வெயிலில் நாற்று நட்டவள்தான். ஆனாலும் இதெல்லாம் வெயில் போட்ட கோடு இல்லை. ஆறு வயதில் மகள் சின்னப்பொண்ணு மூளைக்காய்ச்சலில் போனாளே, அதற்கடுத்த ஒரே வருஷத்தில் வந்தவை. அழுது அழுது விழுந்த கோடுகள்.

செய்த தப்புக்குப் பரிகாரம்போல மணியம்மாள் மறுநாளே ஒரு கிண்ணத்தில் பாலாடை கொண்டுவந்தாள்.

"இத்த மூஞ்சில தடவி வெள்ளரிக்கா சாறு போட்டுக் கயுவு. ஸ்னோ தடவுனாலும் மேலேர்ந்து கீய தடவாத, கீயேர்ந்து மேல தடவணும். கழுத்துலேர்ந்து தாடைக்கு, தாடைலேர்ந்து நெத்திக்கு. கீய இழுத்தா தோலு தொங்கிப்பூடும். வெயில்ல போவாத. தூங்கசொல்ல தலகாணி வெக்காம மல்லாக்கப் படு. தலகாணி வெச்சா கழுத்துல மடிப்பு வுழும்."

"இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்கு அக்கா இதெல்லாம்?"

"வயசா? என்னவிட சின்னவடி நீ!"

அன்று மத்தியானமே கெங்கம்மாள் பாலாடையைத் தடவிக்கொண்டு பின்கட்டு அறைத் தரையில் மல்லாந்து படுத்தாள். புழுக்கமில்லாத தரையில் கண் தானாகச் சொருகியது.

யாரோ அவள் கழுத்தை நீவிக்கொண்டிருந்தார்கள்.

குளிர்ந்த, உலர்ந்த விரல்கள். காறை எலும்பில் தொடங்கி, தொண்டைக்குழி வழியாகத் தாடைக்கு ஏறின. கன்னத்தைக் கடந்து நெற்றிக்குப் போயின. மறுபடியும் கழுத்தில் தொடங்கின. ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. ஈரத்துணி வாடையும் வாடிய துளசி வாடையும் வந்தன.

"மணியக்கா?" என்றாள் தூக்கத்திலேயே.

விரல்கள் நின்றன.

கண்ணைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

கனவு என்று எழுந்து முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது கழுத்தில் இரண்டு வளையங்கள்தான் தெரிந்தன.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. சாயங்காலம் மெட்ராஸ் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணை மடியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய ரயிலின் சத்தம் அது. எத்தனையோ வருஷமாக அதைக் கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அன்றைக்குப் பொத்தவில்லை. வெறும் ரயில் போயிற்று. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் லேசாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் பாலாடைகூடத் தடவவில்லை. நேரே போய்ப் படுத்தாள்.

சித்திரை முடிவதற்குள் தெருவே அவளைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது. "ஏண்டி, பாலாடை என் மூஞ்சிலயுந்தான் தடவுறேன், எனக்கு ஒண்ணும் காணமே!" என்று மணியம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். துளசிராமனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆலையில் யாரோ, இரண்டாந்தாரமா என்று கேட்டார்களாம். அதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கெங்கம்மாள் அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, சிரிப்பு வரலியா உனக்கு?"

"சிரிச்சேனே."

அவள் உதடு அசையவே இல்லை.

ஒருநாள் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து அவள் கழுத்தில் விழுந்தது. கூடத்தில் இருந்த துளசிராமன்தான் பதறி எழுந்தான். அவள் அடுத்த அப்பளத்தை எண்ணெயில் போட்டாள். கழுத்தில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கை அதைத் தொடக்கூட இல்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது கொப்புளம் இருந்த தடமே தெரியவில்லை.

ஆனி மாதம் சின்னப்பொண்ணு இறந்த திதி வந்தது. வருஷா வருஷம் இரண்டு நாள் முன்பிருந்தே சோறு இறங்காமல் கிடப்பவள், அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். துளசிராமன் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மறந்திருக்கிறாள், துக்கம் ஆறிவருகிறது, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டான். சோற்றைத் தொடாமல் எழுந்துபோய்த் தானே விளக்கேற்றினான்.

அந்த மாதக் கடைசியில் முனுசாமி ஓடிவந்தான். வாசலிலேயே, "அக்கா, அம்மா போயிட்ச்சுக்கா," என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மாவு பிசைகிறவள் கைபோல அது தட்டிக்கொண்டே இருந்தது.

ஊரில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குரிய முகம். ஒரு கோடு இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "பெத்தவ கெடக்கசொல்ல எப்டிக் குந்தினுகிறா பாரு," என்று பின்னால் முணுமுணுத்தார்கள். காரியம் முடிந்தபின் முனுசாமியின் மனைவி, கிழவியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பாவாடையை எடுத்து வந்தாள். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது.

"அண்ணி, அத்தை இத்தப் பத்திரமா வெச்சிருந்துச்சு. நீ எடுத்தும்போ."

கெங்கம்மாள் வாங்கி விரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"யாருது இது?"

முனுசாமியின் மனைவி துளசிராமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ப கொயந்தைதுடி," என்றான் துளசிராமன். "சின்னப்பொண்ணுது."

"அப்டியா," என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பின்கட்டில் மத்தியானம் படுக்கத் தொடங்கியதிலிருந்துதான் அவள் இப்படி ஆனாள் என்று அவனுக்கு உறைத்தது. மறுநாளே அவளைக் கும்மிடிப்பூண்டியில் விட்டுவிட்டு அவன் திருவள்ளூருக்குப் போனான். எம்பார் ஐயங்கார் அவனைக் கண்டதுமே எதற்கு வந்திருக்கிறான் என்று புரிந்தவர்போல, கோயில் குளக்கரைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"அந்தப் பின்கட்டுல யாரு சாமி இருந்தாங்க?"

அவர் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அத்தை வைஜயந்தி. பத்து வயசுல ஆம்படையான் போயிட்டான். அவனை முழுசா ரெண்டு தடவை பாத்திருப்பாளோ என்னமோ. அழத் தெரியலை அவளுக்கு. சிரிச்சா அடி விழும், ஒரு விதவைக்கு என்ன சிரிப்புன்னு. அந்த ரூம்லயே இருந்துட்டா. எண்பது வயசுல போனப்போ முகத்துல ஒரு கோடு கிடையாது, குழந்தை மாதிரி. பாக்க வந்தவாள்லாம் புண்ணியவதின்னா."

"அப்பறம்?"

"போறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டா. 'எல்லாருக்கும் நினைச்சு அழறதுக்கு யாராவது இருக்காளேடா எம்பார், எனக்கு ஒருத்தர்கூட இல்லையே'ன்னா. அவ்வளவுதான்." ஐயங்கார் மேல்வேஷ்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு குடியிருந்தா. அவளும்... நான் சொல்லியிருக்கணும். அந்த ஆத்தைக் காலி பண்ணிடு. உடனே விட்டுடு."

பஸ் மாறி மாறி அவன் வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாயத் தொடங்கியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வாசற்கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். திறந்துகொண்டது.

உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

கெங்கம்மாளின் குரல். ஏழெட்டு வருஷம் முன்பு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுத அதே அழுகை. அதே இடத்தில் மூச்சு முட்டி, அதே இடத்தில் உடைந்தது. "சின்னப்பொண்ணு... என் கண்ணு... அம்மாவப் பாருடி..."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதுவிட்டாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று பின்கட்டுக்கு ஓடினான்.

கெங்கம்மாள் தரையில் மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது.

அழுகை நிற்கவில்லை.

அவள் தலைமாட்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலிருந்து அது வந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருத்தியின் வாய் இருக்கிற உயரம்.

கெங்கம்மாளின் கழுத்துத் தோல் அமுங்கியது. நான்கு பள்ளங்கள். அவை மெள்ள மேலே ஏறின. தொண்டைக்குழி, தாடை, கன்னம். பள்ளம் கடந்த இடமெல்லாம் தோல் மெழுகுபோல் வழவழத்தது.

துளசி வாடை மூச்சை அடைத்தது.

அவன் அவள் இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்தான். அழுகை பின்னாலேயே நிலைப்படிவரை வந்தது. அங்கே நின்றது. சின்னக் குழந்தையைப் பறிகொடுத்தவள் விக்குவதுபோல் ஒருமுறை விக்கியது.

கெங்கம்மாள் கண் திறந்தாள்.

"இன்னாத்துக்கு இழுக்கற?" கோபமில்லை, தூக்கக் கலக்கம்கூட இல்லை. "பாவம், அவ அழுதுகினு இர்ந்தா."

"அது உன் அழுகடி! உன் பொண்ணுக்கு நீ அழுத அழுக!"

"அவளே அழுவட்டும். நல்லா அழுவுறா."

அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்தான். ஆலை வேலையையும் விட்டான். அந்தப் பக்கமே வேண்டாமென்று வேப்பம்பட்டு ரயிலடிக்கருகில் ஒரு ஓலைவீடு பிடித்து, ஆவடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தான்.

கெங்கம்மாள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முகம் அப்படியே இருந்தது. அவள் நெற்றியில் ஒரு கோடாவது விழாதா என்று அவன் தினமும் பார்த்தான். வெயிலில் உட்காரவைத்தான். வேண்டுமென்றே சண்டை பிடித்தான். சின்னப்பொண்ணு மழலையில் பேசியதை, கிணற்றடியில் தவளையைப் பிடித்துக்கொண்டு வந்து தாத்தா மடியில் விட்டதை, சொல்லிச் சொல்லி அவன்தான் அழுதான். அவள் யாரோ வீட்டுக் கதை கேட்பதுபோல் கேட்டாள். இரண்டு பேருக்குமான துக்கத்தையும் அவன் ஒருவனே சுமந்தான். ராத்திரி வேலை முடிந்து பட்டறையிலிருந்து வந்தால் அலுப்பில் மத்தியானத்தில் தூங்கிப்போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகவே தூங்கினான்.

மார்கழி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொள்ள ரயிலடிக் கடைக்குப் போனான். கடைக்காரர் குப்புராஜ் சோப்பு நுரையை வழித்துவிட்டு, அவன் முகவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இன்னா நைனா, கழுத்துல ஒரு கோடு காணமே? நெத்தியும் சின்னப் பையனாட்டம் கீது. இன்னா தடவுற? நமக்கும் சொல்லேன்."

துளசிராமன் கண்ணாடியில் பார்த்தான். குப்புராஜ் சொன்னது சரிதான். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தான். கெங்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால், ஓர் ஆண்குரல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. கதவிடுக்கில் வாடிய துளசி வாடை கசிந்தது.

"சின்னப்பொண்ணு... நைனா வந்துட்டேன்டா கண்ணு... கண்ணத் தொறடா..."

அவன் நின்று கொஞ்ச நேரம் கேட்டான். எங்கேயோ கேட்ட குரல்போல் இருந்தது.

"யாரு அது, சின்னப்பொண்ணு?" என்று கேட்டான்.

"யாரோ," என்றாள் அவள்.

நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவனும் உட்கார்ந்தான். வெயில் சுகமாக இருந்தது.